ரிஸ்க் எண்டா ஆபத்தா, அபாயமா, இடரா?

ரெண்டு வருசத்துக்கு முந்தி யாராவது என்னட்ட ரிஸ்க்குக்குத் தமிழ் என்ன எண்டு கேட்டிருந்தா யோசிக்காமலே ஆபத்து எண்டு சொல்லியிருப்பன். இப்ப சொல்லமாட்டன். அதுக்குக் காரணம் எங்கட திருகோணமலையில ஒரு வேலைத்தளத்தில (பேர் வேண்டாம்) காலமை ஏழரைக்கு வேலை தொடங்க முந்தி நிரப்புற ஒரு பாரம் (படிவம்).

மூண்டு மொழியிலயும் அடிச்ச பாரம். ஆங்கிலத்தில ஒரு பெட்டி ஹசார்ட், பக்கத்துப் பெட்டி ரிஸ்க். தமிழ்ல ரெண்டு பெட்டிக்கும் மேல ஆபத்து, ஆபத்து எண்டு ஒரே சொல்லு. ஆக்கள் என்ன செய்வினம், முதல் பெட்டியில எழுதினதையே ரெண்டாவதிலயும் எழுதிட்டு கையெழுத்தப் போட்டுட்டு உள்ள போவினம். டாங்க் ஒண்டுக்க இறங்கிற நாள் அண்டு, கிண்ணியாவில இருந்து வாற ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) பாரத்தைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்து, "தம்பி, இங்க ரிஸ்க்குக்கு ஒண்டில இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் நம்பர் போடச் சொல்லுறாங்க, ரிஸ்க் எண்டா அது அல்லாஹ் எழுதின அளவெல்லோ, நான் எப்பிடி நம்பர் போடுற?" எண்டார். எல்லாரும் சிரிச்சம். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனா எனக்கு அது மண்டைக்குள்ள நிண்டுட்டுது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பழகினவைக்குத் தெரியும், முஸ்லிம் ஆக்கள் ரிஸ்க் எண்டு சொல்லுறது வாழ்வாதாரத்தை, ஆண்டவன் படியளக்கிறதை. அரபுச் சொல்லு. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே எழுத்து. இதில வேடிக்கை என்னெண்டா, அந்த மற்ற ரிஸ்க், பாரத்தில இருக்கிற ரிஸ்க், அதுவும் இந்த அரபுச் சொல்லில இருந்துதான் போயிருக்கும் எண்டு சொல்லுற அறிஞர்மாரும் இருக்கினம். இத்தாலிய ரிஸ்கோ, பிறகு பிரெஞ்சு, பிறகு 17ஆம் நூற்றாண்டில ஆங்கிலம், இவ்வளவு வழி தெளிவு. அதுக்கு அங்கால சண்டை. ஒரு கட்சி அரபு எண்டுது, இன்னொரு கட்சி கடலுக்க கப்பலைக் கிழிக்கிற பாறைக்கான பழைய சொல்லு எண்டுது. எப்பிடிப் பாத்தாலும் மத்தியதரைக் கடல்ல கப்பல் விட்ட வியாபாரிமாரின்ட வாயில புழங்கின சொல்லு, சரக்கு போய்ச் சேருமா சேராதா எண்டு கணக்குப் பாத்தவையின்ட சொல்லு. கோணேசர் மலைக்குக் கீழ கடலைப் பாத்து வளந்த எங்களுக்கு அந்தப் பாறைக் கதை நல்லாவே விளங்கும்.

ஹசார்ட் இன்னும் சுவாரசியம். அது முதல்ல ஒரு தாயக்கட்டை விளையாட்டு. பழைய பிரெஞ்சில ஹசார் எண்டு சூதாட்டத்துக்குப் பேர், அதுக்கும் பின்னால அரபு இருக்குது எண்டு சொல்லுவினம். அப்ப பாருங்கோ, ஒரு காலத்தில தாயம் உருட்டுற சொல்லு ஹசார்ட், கணக்குப் பாக்கிற சொல்லு ரிஸ்க். இண்டைக்கு பிளாண்டுக்குள்ள வந்தா ஹசார்ட்டில உருட்டுறதுக்கு ஒண்டுமே இல்ல, அது அசையாம அங்கயே கிடக்கிற பொருள். உருளுறது ரிஸ்க்தான்.

இதை விளங்கப்படுத்த நான் ஐஸ் கொம்பனியத்தான் எடுப்பன், ஏனெண்டா மீன்பிடி ஊரில அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். குளிராக்கிற குழாய்க்குள்ள ஓடுறது அமோனியா. மைனஸ் 33 பாகை செல்சியசில கொதிக்கிற சாமான், அமுக்கத்தில வைச்சிருக்கிறதாலதான் திரவமா இருக்குது, வெளியில வந்தா வாயு. காத்தில பத்து லட்சத்தில 300 பங்கு இருந்தாலே அது உடனடியா உயிருக்கு ஆபத்தான அளவு எண்டுதான் கணக்கு. இது ஹசார்ட். நீங்க வால்வைப் புதுசா மாத்தினாலும் மாத்தாட்டியும், மாஸ்க் வைச்சிருந்தாலும் இல்லாட்டியும் அமோனியா அமோனியாதான், அதின்ட குணம் மாறாது. ஆனா வால்வு துருப்பிடிச்சுப்போய், காத்து வீட்டுப் பக்கம் அடிச்சு, மாஸ்க் அலுமாரிக்குள்ள பூட்டியிருந்து, திறப்பு மனேஜரிட்ட இருந்தா? ஹசார்ட் அதேதான், ரிஸ்க் எங்கேயோ போயிட்டுது.

அதால நான் கண்டுபிடிச்ச ஒரு சின்னச் சோதனை: ஹசார்ட்டைப் பாத்து "என்ன?" எண்டு கேக்கலாம். ரிஸ்க்கைப் பாத்து "எவ்வளவு?" எண்டுதான் கேக்கலாம். நானாவின்ட கேள்விக்கும் மறுமொழி அதுக்குள்ளயே இருக்கு. நடக்கிறதுக்கு எவ்வளவு சாத்தியம் எண்டு ஒண்டில இருந்து அஞ்சு, நடந்தா எவ்வளவு மோசம் எண்டு ஒண்டில இருந்து அஞ்சு, ரெண்டையும் பெருக்கினா வாறதுதான் அந்த இருபத்தஞ்சு.

இப்ப தமிழுக்கு வருவம். எங்களிட்ட சொல்லுப் பஞ்சம் இல்ல. சொல்லு கூடிப்போனதுதான் பிரச்சினை.

ஆபத்து வடமொழிச் சொல்லு. ஆபத்து, விபத்து, சம்பத்து மூண்டும் ஒரே வேரில வந்த சகோதரங்கள், முன்னுக்கு ஒட்டுற துண்டு மட்டும் வேற. விபத்து எண்டா நடந்து முடிஞ்சது, ஆக்சிடென்ட். ஆபத்து எண்டா வந்து தலைக்கு மேல நிக்கிறது, "ஆபத்துக்கு உதவாத பிள்ளை" எண்டுறம் பாருங்கோ அது. அதுக்க சாத்தியக் கணக்கு எதுவும் இல்ல. அபாயமும் வடமொழிதான், இழப்பு, கேடு எண்டு கருத்து. ஆனா இலங்கையில அது பலகைச் சொல்லாப் போச்சு: மண்சரிவு அபாய எச்சரிக்கை, கண்ணிவெடி அபாயம். ஒரு இடத்தில கிடக்கிற, கிட்டப் போனா கேடு செய்யிற சாமான் எண்ட உணர்வு அந்தச் சொல்லுக்கு எங்கட ஆக்களிட்ட ஏற்கனவே இருக்கு. கண்ணிவெடிப் பலகைக்கு முன்னால நிண்டு பாத்த சனத்துக்கு ஹசார்ட் எண்டா என்ன எண்டு வகுப்பெடுக்கத் தேவையில்ல. அதால ஹசார்ட்டுக்கு அபாயம் எண்டு வைக்கிறதில எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. ஏதம் எண்டு ஒரு நல்ல பழந்தமிழ்ச் சொல்லும் இருக்கு, குறள்லயே வருது, ஆனா டாங்க் வாசல்ல நிண்டு ஏதம் எண்டு கத்தினா ஆர் திரும்பிப் பாப்பினம்?

இடர்தான் வில்லங்கம். ரிஸ்க் மனேஜ்மென்டுக்கு இங்க இடர் முகாமைத்துவம் எண்டு எழுதுறம், தமிழ்நாட்டில இடர் மேலாண்மை. அதோட அங்க டிசாஸ்டருக்குப் பேரிடர் எண்டுற, எங்களுக்கு அது அனர்த்தம். அவையின்ட கணக்கில இடர் பெருத்தா பேரிடர், அப்ப இடர் எண்டுறது நடக்கிற ஒரு சம்பவம் மாதிரி ஆகுது, நடக்கக்கூடிய சாத்தியம் மாதிரி இல்ல. பழைய தமிழ்லயும் அப்பிடித்தான், இடர் எண்டா படுற துன்பம். சேத்துக்க வண்டி இழுக்கிற மாடு மாதிரி முயலுறவனைப் பாத்து "உற்ற இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து" எண்டு வள்ளுவர் சொல்லேக்க துன்பத்துக்கே துன்பம் வருது எண்டுதான் கருத்து. சாத்தியக் கதையே இல்ல. ஆக இடர் எண்டு மட்டும் எழுதினா பழையபடி ஆபத்துக்குப் பக்கத்திலயே வந்து நிக்கிறம். சிலர் இடர்நேர்வு எண்டு எழுதுறதைப் பாத்திருக்கிறன். இடர் நேரக்கூடிய தன்மை. கொஞ்சம் நீளம், ஆனா சரியான இடத்தில கை வைக்குது. "இடர்நேர்வு எவ்வளவு?" எண்டு கேட்டா ஒருத்தனும் அமோனியா எண்டு எழுதமாட்டான். என்ட தெரிவு அதுதான், வாய்க்கு வராட்டி ரிஸ்க் எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ, ஆபத்து எண்டு மட்டும் எழுதாதேங்கோ.

இதுக்குள்ள சிங்களம் வேற குறுக்க வருது. சிங்களத்தில ரிஸ்க்குக்கு அவதானம எண்டுவினம். எங்களுக்கு அவதானம் எண்டா கவனம். சிங்கள சுப்பவைசர் பாதித் தமிழ்ல "அவதானம் கூடின வேலை" எண்டு சொல்லுவார், அவர் சொல்ல வாறது ரிஸ்க் கூட எண்டு, எங்கட பொடியன் விளங்கிறது கவனமாச் செய்யச் சொல்லுறார் எண்டு. ரெண்டு பேரும் தலையாட்டுவினம். பாதுகாப்பும் இதே மாதிரித்தான். சேஃப்டிக்கும் பாதுகாப்பு, செக்கியூரிட்டிக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பு அமைச்சும் பாதுகாப்பு. யுத்த காலம் முழுக்க இந்த ஊரில பாதுகாப்பு எண்டா செக்பொயின்ட்தான். பாதுகாப்பு அதிகாரி வாறார் எண்டா சிலர் இப்பவும் ஐடென்டிடி கார்டைத் தேடுவினம்.

அபாயத்துக்கும் இடர்நேர்வுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் சொல்லுச் சண்டை இல்ல எண்டதுக்கு இந்தியாவில போபால் தொழிற்சாலையில நடந்த நச்சுவாயுக் கசிவு காணும். 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு அங்க டாங்க்குக்குள்ள கிட்டத்தட்ட 40 தொன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அது எப்பவும் நஞ்சுதான், முதல் நாளும் நஞ்சு, அண்டைக்கும் நஞ்சு. மாறினது என்ன? குளிராக்கி நிப்பாட்டியிருந்தது, கசியிற வாயுவைக் கழுவுற ஸ்கிரபர் ஆயத்தமா இல்ல, எரிச்சு விடுற கோபுரத்துக்குப் போற குழாய் கழட்டியிருந்தது. அபாயம் ஒரு இறாத்தல்கூடக் கூடேல்ல, இடர்நேர்வு மட்டும் ஒவ்வொரு படியா ஏறினது, பாரத்தில ரெண்டுக்கும் ஒரே சொல்லு எண்டா அந்த ஏற்றத்தை எழுத இடமே இல்ல. இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த 40 தொன்னையும் சேத்து வைக்காம உண்டாக்க உண்டாக்கப் பாவிச்சிருந்தா அபாயமே சின்னனாப் போயிருக்கும். அபாயத்தைக் குறைக்கிறது ஒரு வேலை, இடர்நேர்வைக் குறைக்கிறது இன்னொரு வேலை. முதலாவது எப்பவும் மேல், ஆனா காசும் யோசினையும் கூட வேணும், அதால எல்லாரும் ரெண்டாவதுக்குத்தான் ஓடுவினம்.

எங்கட ஊர் உதாரணம் வேணுமெண்டா கிண்ணியா. 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தாப் பிறகு தண்ணியின்ட ஆழம் மாறேல்ல, கடக்கிற விதம்தான் மாறினது. அதே கிண்ணியாவில குறிஞ்சாக்கேணியில புதுப்பாலம் கட்டுற காலத்தில தற்காலிகமா ஓடின படகுப்பாதை (ஆக்களை ஏத்திக் கடக்கிற மிதவை) 2021 நவம்பர் 23 காலமை கவிழ்ந்தது, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்துதுகள். அதை நினைக்கேக்க எனக்கு பிளிக்ஸ்பரோ இரசாயனத் தொழிற்சாலை ஞாபகம் வரும். இங்கிலாந்தில 1974 ஜூன் 1, ஆறு ரியாக்டர் வரிசையில அஞ்சாவதில விரிசல் எண்டு அதைக் கழட்டிட்டு நாலையும் ஆறையும் தற்காலிகக் குழாய் ஒண்டால இணைச்சவை, அது பிய்ஞ்சு 28 பேர் போச்சினம். ரெண்டும் வேற வேற விசயம், ஒப்பிடக் கூடாது எண்டு சொல்லுவியள், சரி, ஆனா தற்காலிகம் எண்ட சொல்லைக் கேட்டா இப்ப எனக்கு வயித்தைக் கலக்கும். பாரத்தில இடர்நேர்வுப் பெட்டிக்க நான் முதல்ல தேடுறது அந்தச் சொல்லைத்தான்.

மிச்சச் சொல்லுகளைக் கெதியாச் சொல்லிடுறன். ப்ராசஸ் சேஃப்டிக்கு செயன்முறைப் பாதுகாப்பு, அதாவது ஆள் வழுக்கி விழுறது இல்ல, குழாய்க்குள்ளயும் டாங்குக்குள்ளயும் இருக்கிறது வெளியில வராமப் பாக்கிறது. தலைக்கவசம் போட்டா இது வராது. பெர்மிட்டுக்கு வேலை அனுமதிப் பத்திரம், ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்ல, பெர்மிட்தான். சட்டம் எண்டா தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கம். அதே 1942ல, ஏப்ரல் 9, ஜப்பான்காரன் வந்து தாக்கினதில சீனன்குடா எண்ணெய் டாங்க் ஒண்டு எரிஞ்சது. அந்தக் கதையை எங்கட பழைய ஆக்கள் சொல்லுவினம், சட்டத்தின்ட கதையை ஒருத்தரும் சொல்லுறேல்ல.

நியர் மிஸ் மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லோணும். விபத்து வந்து தொடாமப் போன சம்பவம். அதுக்கு ஒரு புத்தகம் வைச்சிருந்தம், மேல "அண்மைத் தவறுகள்" எண்டு ஆரோ சொல்லுக்குச் சொல்லு மொழிபெயர்த்து ஒட்டியிருந்தினம். தவறு எண்டு பாத்தா ஆர் எழுதுவினம், எழுதினா தன்ட பிழையைத் தானே ஒத்துக்கொண்ட மாதிரி. மாசக் கணக்கா வெறும் புத்தகம். எங்கட பேச்சில இதுக்கு முதல்தரமான சொல்லு ஒண்டு ஏற்கனவே இருக்குது, அருந்தப்பு. "அருந்தப்பில தப்பினான்" எண்டுறம் பாருங்கோ. நான் அந்தத் தாளைக் கிழிச்சுட்டு மாக்கர் பேனையால அருந்தப்பு எண்டு பெரிசா எழுதி ஒட்டிவிட்டன். அடுத்த நாள் தேத்தண்ணி நேரம் நானா அதை வாசிச்சுப்போட்டு, "இதுக்கா எழுதச் சொன்னீங்க, அப்ப என்னட்ட நாலு இரிக்கே" எண்டு சொல்லி இருந்து எழுதத் தொடங்கினார். முதலாவது, போன வரியம் மேல்தட்டில இருந்து விழுந்த பதினெட்டு இஞ்சி ஸ்பானர், அவர் குனிஞ்சு செருப்பு வாரைப் பூட்டின நேரம்.