அந்தத் தாள்களை எறிந்துவிடாதீர்கள்

காவல் நிலையத்தில் அடி வாங்கியவர்களுக்காக வழக்கு நடத்துகிறவன் நான். வரும் குடும்பத்திடம் முதலில் கேட்பது, ஆஸ்பத்திரியில் காயங்களைப் பதிவு செய்யும் ஏஆர் (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்கினீர்களா என்பதைத்தான். பல பேரிடம் இருக்காது. அப்போதெல்லாம் ஆப்பிரிக்காவிலுள்ள சாட் நாட்டு சுலேமான் கெங்கெங் நினைவுக்கு வருவார்.

அவர் ஒரு கணக்காளர். 1982 முதல் 1990 வரை ஹிசேன் ஹாப்ரே ஆண்ட நாட்டில், இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார், கூட இருந்தவர்கள் கண்ணெதிரே செத்துப்போனார்கள். தலைநகர் இன்ஜமேனாவில் பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல் குளத்தையே கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கியிருந்தார்கள். ஹாப்ரே செனகலுக்கு ஓடிய பிறகு வெளியே வந்த சுலேமான், சக கைதிகளோடு சேர்ந்து, உயிர் பிழைத்தவர்களைத் தேடிப்போய் 792 பேரின் கதையை எழுதி வாங்கி ஒளித்துவைத்தார். எந்தக் கோர்ட்டுக்கு என்று அன்று அவருக்கே தெரியாது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது 2002 ஜூலைக்குப் பின் நடந்த குற்றங்களை மட்டுமே எடுக்கும். அதனால் 2000-இல் செனகல் கோர்ட்டிலேயே புகார் கொடுத்தார்கள், மறு வருஷமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. இத்தனைக்கும் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை செனகல் 1986-லேயே ஏற்றிருந்தது, உள்நாட்டுச் சட்டத்தில்தான் அதை எழுதிவைக்கவில்லை. (இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிப்படுத்தவே இல்லை. எனக்கு இது தீராத வருத்தம்.)

அப்புறம் ஹாப்ரேயை நாங்கள் விசாரிக்கிறோம், ஒப்படையுங்கள் என்று பெல்ஜியம் கேட்டது, செனகல் இழுத்தடித்தது. 2012-இல் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்க்கும், ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், விசாரி, இல்லையென்றால் ஒப்படை என்று கறாராகச் சொன்ன பிறகுதான் செனகல் தலைநகர் டாக்கரில் சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. அங்கே சுலேமானும் சாட்சி சொன்னார். கைவிடப்பட்ட ரகசியப் போலீஸ் அலுவலகத்தில், தரையில் குவிந்து கிடந்த கோப்புகளை 2001-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பின் ஆட்கள் கண்டெடுத்திருந்தார்கள். காவலில் செத்த 1,208 பேரின் பெயர்கள் அதில் இருந்தன, ஹாப்ரேயின் போலீஸே எழுதிவைத்த கணக்கு. ஹாப்ரே கடைசிவரை வாய் திறக்கவில்லை. 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை.

2017-இல் மேல்முறையீட்டிலும் தண்டனை நின்றது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடும் உத்தரவானது. 2021 ஆகஸ்டில் ஹாப்ரே கொரோனாவில் செத்தபோது, அதில் ஒரு காசுகூட அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை.