திருமலையில் ஸ்னீக்கர் கடை: அலங்காரத்துக்கு முதல் ஈரத்தைப் பாருங்கள்

ஸ்னீக்கர் கடை போட நினைப்பவர்கள் எங்களிடம் வரும்போது கைபேசியில் நாலைந்து படங்களோடுதான் வருவார்கள். கறுப்புச் சுவர், நியோன் எழுத்து, அந்தரத்தில் நிற்கும் சப்பாத்துகள். வடிவுதான். அந்தக் கடை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். மாரியில் மழை ஈரம், கோடையில் உப்புக்காற்று. கடையின் உள்ளமைப்பு இந்தக் காற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல ஸ்னீக்கர்களின் நடு அடிப்பாகம் பொலியூரத்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். சில வருடங்களில் வெடித்து, விரலால் அமத்தினால் உதிரும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். ஈவிஏ என்ற வேறு வகை நுரைக்கு இந்த வருத்தம் இல்லை. பூஞ்சணம் பிடிப்பதும் நாடா கோக்கும் உலோகக் கண்ணிகள் கறள் ஏறுவதும் அடி சிதைவதற்கு முன்பே தொடங்கிவிடும். எனவே காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். சிறிய டிஜிட்டல் ஈரமானி இரண்டு வாங்கி ஒன்றைக் கடைக்குள்ளும் மற்றதைக் களஞ்சிய அறையிலும் மாட்டுங்கள்.

பெரும்பாலும் பிழை நடப்பது களஞ்சிய அறையில்தான். கடைக்கு ஏசி, களஞ்சியத்துக்கு ஒன்றுமில்லை, நடுவில் மெல்லிய பலகைச் சுவர். ஏசியால் குளிர்ந்த அந்தச் சுவரின் மறுபக்கத்தில் களஞ்சியத்தின் ஈரக்காற்று வியர்த்து நிற்கும். அதில் முட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஊறி, உள்ளே சப்பாத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். சுவருக்கும் இறாக்கைக்கும் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு நிலத்திலிருந்து 6 அங்குலமாவது உயரட்டும். ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்று அங்கே அவசியம். பெரிய ஏசி போட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் தப்புக்கணக்கு. தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது.

இறாக்கை அளவை ஓடாவியிடம் வாயால் சொல்லாதீர்கள், வரைந்து கொடுங்கள். ஒரு பெட்டி ஏறத்தாழ 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 5 அங்குல உயரம். ஒரு தட்டில் நாலு பெட்டி வைக்கலாம் என்று "3 அடி" என்று சொல்லிச் செய்வித்தால், இரு பக்கமும் முக்கால் அங்குலப் பலகை போக உள்ளளவு 34½ அங்குலம்தான் வரும். நாலாவது பெட்டி ஏறாது. உள்ளளவு 38 அங்குலம் என்று எழுதுங்கள். தட்டின் உயரம் 17 அங்குலம், மூன்று பெட்டிக்கு மேல் அடுக்க வேண்டாம். வேலை செய்யும் பிள்ளைகள் அடியிலுள்ளதைத்தான் உருவுவார்கள்.

காட்சிச் சுவருக்கு எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்தது) தவாளிப்பு பலகை, அதாவது கொக்கி மாட்ட நீளக் கோடுகள் வெட்டிய பலகை, மலிவு, பார்க்கவும் நேர்த்தி. ஆனால் வெட்டிய தவாளிப்பு ஓரம் ஈரத்தைக் குடித்து ஊதும், கொக்கி இறுகிக்கொள்ளும். தவாளிப்புக்குள் அலுமினியப் பட்டி இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். இல்லையென்றால் ஓரங்களை அடைத்த, ஈரம் தாங்கும் மரைன் பிளைவூட். வாசலுக்குக் கிட்ட வரும் எவர்சில்வர் 316 தரமாக இருக்கட்டும், 304 அங்கே தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். சப்பாத்தைப் பக்கவாட்டில் வைப்பதானால் 6 அங்குல ஆழம் போதும். வரிசைக்கு வரிசை 10 அங்குலம், கணுக்கால் வரை உயர்ந்த ரகங்களுக்கு 13. தட்டின் மேல் வினைல் ஸ்ரிக்கர் ஒட்டாதீர்கள். ரப்பர் அடியும் வினைலும் மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் பழுப்புக் கறை விழும், எந்தத் திரவத்தாலும் போகாது. கண்ணாடி அல்லது அக்ரிலிக் நல்லது. அக்ரிலிக்கை அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைத்தால் மயிர்க்கோடாக வெடிக்கும். சவர்க்காரத் தண்ணீரே போதும்.

வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் (மஞ்சளும் நீலமும் ஏறாத வெள்ளை), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல். சிஆர்ஐ குறைந்த குமிழின் கீழ் கிறீம் நிறமும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். வாங்கியவர் வீட்டு வாசலில் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். எல்இடி பட்டி 24 வோல்ட்டாக இருக்கட்டும். 12 வோல்ட்டில் நீளமாக இழுத்தால் கடைசி முனை மங்கும். பட்டிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியை இறாக்கைக்குப் பின்னால் புதைக்காதீர்கள், முதலில் பழுதாவது அதுதான்.

வெயில் விழும் முகப்புக் கண்ணாடிக்கு 6.38 மில்லிமீற்றர் லாமினேற்றட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போட்டால் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ எல்லாமே நிற்கும். சாதாரணக் கண்ணாடி அப்படித் தடுக்காது. அதைப் போட்டாலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காட்சியில் நிற்பது சோடியில் ஒன்றுதான், மற்றது பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும். மாதங்கள் போக வெளியில் நின்றது மஞ்சளாகும். விற்கும் அன்று சோடி சேர்த்தால் இரண்டு வெள்ளை! முகப்பில் வெள்ளை அடி உள்ளவற்றை வைக்காதீர்கள், மற்றவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடதையும் வலதையும் மாற்றி வையுங்கள்.

போட்டுப் பார்க்கும் வாங்கு 17 அங்குல உயரம், அதன் முன்னால் 4 அடி வெளி. ஆளுயரக் கண்ணாடியை எல்லோரும் மாட்டுகிறார்கள். நிலத்தோடு 24 அங்குலக் கண்ணாடி ஒன்றைச் சற்றுச் சாய்த்து வைத்தால்தான் பாதம் தெரியும். தரைக்கு மினுங்கும் டைல்ஸ் வேண்டாம், மழை நாளில் வழுக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரையிலிருந்து நேரே வருபவர்களின் மணலை வாசலிலேயே நிறுத்த, தரைக்குள் தாழ்த்திப் பதித்த 6 அடி மிதியடி தேவை. அந்தக் குழியை மேசன் டைல்ஸ் பதிக்குமுன் சொல்லிவிடுங்கள். பதித்த பிறகு சொன்னால் டைல்ஸ் உடைக்க வேண்டிவரும்.