அப்போபி எதிர்ப்பொருள்: ஒரு சொல் விளக்கம்

ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘அப்போ பி’ என்று ஒரு வரி இருந்தால் தமிழ்க் காது அதை ‘அப்போது’ என்றுதான் முதலில் கேட்கும். இந்த அப்போ கிரேக்கச் சொல். ‘விட்டு’, ‘நீங்கி’ என்று பொருள். அடுத்து வரும் லிப்போ என்பது கொழுப்பு. புரோட்டீன் என்ற பெயரைக் கிரேக்கத்தில் ‘முதன்மையானது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்துத் தந்தவர் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ், ஆண்டு 1838. மூன்றும் சேர்ந்தால் அப்போலிப்போபுரோட்டீன், அதாவது கொழுப்பைக் கழற்றிவிட்டால் மிஞ்சும் புரதம். அதில் பி என்ற வகைதான் அப்போபி.

ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். கொலஸ்ட்ரால் அதில் கரையாது. அதனால் உடல் அதைப் புரதத்தோடு சேர்த்து உருண்டையாகக் கட்டி அனுப்புகிறது. இந்த உருண்டைக்குத் தமிழில் கொழுமியப்புரதம் என்ற நல்ல சொல் இருக்கிறது. கொழுப்பை நீக்கி ஆய்வகத்தில் பார்த்தபோது கிடைத்த பகுதிக்குத்தான் ‘அப்போ’ ஒட்டிக்கொண்டது. ஆனால் அப்போபி கல்லீரலில் எந்த உருண்டையோடு புறப்படுகிறதோ, கடைசிவரை அதை விட்டு இறங்குவதில்லை. ஓர் உருண்டைக்கு ஒரே ஒரு அப்போபி. அப்போபி-யை அளந்தால் அதைச் சுமக்கும் உருண்டைகள் எத்தனை ஓடுகின்றன என்று தெரிவது இதனால்தான். இப்படிப்பட்ட ஒன்றை ‘கொழுமியம் நீங்கிய புரதம்’ என்று மொழிபெயர்த்தால் உண்மைக்கு நேர்மாறாகிவிடும். சுமைதாங்கி என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. அதே தடத்தில் ‘கொழுமியந்தாங்கிப் புரதம்’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. அப்போபி என்ற சுருக்கப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

சரி, எதிர்ப்பொருள்? உள்ளே வரும் அயல்பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம் அது. 1891-இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் தம் மொழியில் ‘ஆன்ட்டிகோர்ப்பர்’ என்று எழுதினார். கோர்ப்பர் என்றால் உடல், பொருள். தமிழ்நாட்டில் நாம் எதிர்ப்பொருள் என்கிறோம், இலங்கையில் பிறபொருளெதிரி. இலங்கைச் சொல் இந்த இடத்தில் ஒரு படி மேல். மனித அப்போபி நமக்குப் பிறபொருள் அல்ல, வெள்ளாட்டுக்குத்தான் பிறபொருள். அதை ஊசி மூலம் ஏற்றினால் ஆட்டின் உடல் அதற்கு எதிரி தயாரிக்கிறது. யாருக்கு அயல் என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பிவிடுகிறது. ஆனாலும் தொடராக எழுதும்போது எதிர்ப்பொருள்தான் வாய்க்கு இலகு.

ஆய்வகத்துக்கு வரும் எதிர்ப்பொருள் குப்பியின் மேல் ‘கோட் ஆன்டி-ஹியூமன் அப்போபி’ என்றிருக்கும். அதே வரிசையில் தமிழாக்கினால், ஏதோ ஆடு மனிதனை எதிர்த்து நிற்பது போலாகிவிடும். ‘மனித அப்போபி-யை இனங்காணும் வெள்ளாட்டு எதிர்ப்பொருள்’ என்று திருப்பிப் போட வேண்டும். வெறும் ‘ஆடு’ என்று எழுதக் கூடாது. செம்மறியிலும் எதிர்ப்பொருள் எடுக்கிறார்கள். இந்த எதிர்ப்பொருளைப் பிடித்துக் காட்ட அடுத்துச் சேர்க்கும் இரண்டாம் எதிர்ப்பொருளை, அதாவது செகண்டரியை, எந்த விலங்கு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறம், மோனோகுளோனல். கிரேக்கத்தில் ‘குளோன்’ என்றால் சிறு கிளை. ஒரே செடியின் கிளைகளை வெட்டி நட்டு வளர்த்தவற்றைக் குறிக்க 1903-இல் தாவரவியலில் அந்தச் சொல் வந்தது. நம் ஊரில் முருங்கையை எப்படி வைக்கிறோம்? போத்து வெட்டி நடுகிறோம். தாய்மரத்துக் காயின் ருசிதான் அதிலும் வரும். விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் காட்டிய வழியும் இதுதான்: எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரு செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்து, அந்த ஒன்றிலிருந்தே கூட்டத்தைப் பெருக்குவது. வருவதெல்லாம் ஒரே எதிர்ப்பொருள். ‘ஒற்றை நகல்’ என்பதைவிட ‘ஒருபோத்து எதிர்ப்பொருள்’ என்பதில் அந்த வளர்ப்பு தெரிகிறது. ஆட்டிலிருந்து நேராக எடுப்பது பல்போத்து.

இந்த வேறுபாடு அப்போபி விஷயத்தில் மிக முக்கியம். கல்லீரல் செய்யும் முழு அப்போபி-100-இல் 4,536 அமினோ அமிலங்கள். குடலிலோ, புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ-வில் ஓர் எழுத்து மாறி, நடுவழியில் ‘நிறுத்து’ என்ற குறி விழுகிறது. 2,152-ஓடு நின்றுபோகும் அந்தக் குட்டைப் புரதம் அப்போபி-48. முழுப் புரதத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடு என்பதால் அந்தப் பெயர். 1டி1 என்ற ஒருபோத்து எதிர்ப்பொருள் தொடக்கப் பகுதியைப் பிடிப்பதால் இரண்டையும் காட்டும். 4ஜி3 என்ற இன்னோர் ஒருபோத்து எதிர்ப்பொருள் பிடிக்கும் இடம் அப்போபி-48-இல் கிடையாது. புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, எதிர்ப்பொருள் சேர்த்துப் பார்த்தால், 5 லட்சம் டால்டனுக்கு மேல் கனக்கும் அப்போபி-100 ஊற்றிய குழிக்குச் சற்றுக் கீழேயே கோடாக நின்றுவிடும். 48-இன் கோடு நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கீழ்க்கோடு வரவில்லையென்றால், குடல் புரதம் இல்லை என்று எழுதிவிடுமுன் குப்பியில் இருப்பது 1டி1-ஆ 4ஜி3-ஆ என்று பார்க்க வேண்டும்.