வாலைத் தலையோடு ஒட்டுதல்

1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய மார்க் 1 கணினி, தன் கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவிலிருந்து படித்தது. ஒரு வரிசைத் துளைகள் என்றால் ஒரு கட்டளை. நாடா தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. அதே கட்டளைகளை மறுபடி மறுபடி செய்ய வேண்டுமா? நாடாவின் கடைசி முனையை முதல் முனையோடு ஒட்டிவிடுவார்கள். அது வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கு நாம் நிரலில் எழுதும் பட்டியலுக்கு அப்படி ஒட்டுவதற்கு முனை கிடையாது. ஏழு பாட்டுகள் உள்ள பட்டியல் என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஏழு அறைகள். அவற்றின் எண்கள் 0 முதல் 6 வரை. அதற்கு அடுத்த அறையில் வேறு எதுவோ இருக்கும். அங்கே கைவைத்தால் பைதான், ஜாவா போன்ற நிரல் மொழிகள் பிழை சொல்லி நிறுத்திவிடும். சி மொழியில் அந்தக் காவலும் இல்லை, அங்கே கிடக்கும் குப்பையைப் பாட்டு என்று எடுத்து நீட்டினாலும் நீட்டும். பாட்டுகள் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டுமென்றால் வளையத்தை நாம்தான் கணக்கில் உண்டாக்க வேண்டும்.

‘எண் 7 ஆகிவிட்டால் 0 ஆக்கு’ என்று ஒரு நிபந்தனை போடலாம். தவறில்லை. ஆனால் பழகியவர்கள் எழுதுவது இதுதான்:

நிலை = (நிலை + 1) % 7

இங்கே % சதவீதக் குறி அல்ல; வகுத்தால் வரும் மீதியைக் கேட்கும் குறி. (பைதான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நிலைக்கு முதலில் ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் மேலே உள்ள வரி அப்படியே ஓடும்.) 6-க்குப் பிறகு 7 வரும், 7-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 0, மறுபடி முதல் பாட்டு. தாவுவதும் சுலபம். 3-ஆம் எண்ணிலிருந்து 100 பாட்டுகள் தள்ளி என்ன வரும் என்று சுற்றிச் சுற்றி எண்ண வேண்டாம்: 103-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5. எண்ணிக்கையை 0-இல் தொடங்குவது ஏன் என்று எரிச்சல்படுகிறவர்களுக்கும் இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. 7-ஆல் வகுத்தால் வரக்கூடிய மீதிகள் 0 முதல் 6, அறை எண்களும் அவையே.

சரி, ‘முந்தைய பாட்டு’ பொத்தான்? 0-இல் இருக்கும்போது அழுத்தினால் −1 % 7. பைதான் இதற்கு 6 என்று சொல்லும், நமக்கு வேண்டியதும் அதுதான். ஜாவாவும் சியும் −1 என்று சொல்லும். இரண்டு கணக்கும் சரியே. −1-ஐ 7-ஆல் வகுக்கும்போது பைதான் ஈவைக் கீழ்நோக்கி −1 ஆக்குகிறது, மீதி 6. மற்ற இரண்டும் ஈவைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டுகின்றன, ஆகவே மீதி −1. அந்த மொழிகளில் (நிலை − 1 + 7) % 7 என்று எழுதித் தப்பிக்க வேண்டும்.

இதைவிட நயவஞ்சகமான இடம் ஒன்று உண்டு. வரும் கோரிக்கைகளை ஏழு சர்வர்களுக்கு முறைவைத்துப் பகிரும் நிரல் ஒன்றை ஜாவாவில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எண்ணி ஏறிக்கொண்டே போகும். அதை 7-ஆல் வகுத்த மீதிதான் சர்வரின் எண். எண்ணி 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) கொண்ட முழு எண் என்றால் அதன் உச்சம் 2147483647. இன்னும் ஒன்று கூட்டினால் அது −2147483648 என்று தலைகீழாக விழும், மீதி −2. அப்படி ஒரு சர்வர் இல்லை. நொடிக்கு 1000 கோரிக்கைகள் வந்தால் இந்த இடத்தை அடைய ஏறக்குறைய 25 நாட்கள் ஆகும். எந்தச் சோதனையும் அவ்வளவு நாள் ஓடுவதில்லை!

குறியில்லாத எண் வகையை எடுத்தால் எதிர்ம எண் வராது. ஆனாலும் 4294967295-க்குப் பிறகு எண்ணி 0-க்குத் திரும்பும்போது, 3-ஆவது சர்வரிலிருந்து நேராக 0-க்குத் தாவும். 4, 5, 6 மூன்றுக்கும் ஒரு முறை வாய்ப்பு போய்விடும். ஏழுக்குப் பதில் எட்டு சர்வர்கள் இருந்தால் இந்தத் தாவலே இல்லை. 0 முதல் 4294967295 வரை மொத்தம் 2-இன் 32-ஆம் அடுக்கு மதிப்புகள், அதை எட்டு மீதியில்லாமல் வகுக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் பல வளைய வரிசைகளின் அளவுகள் 8, 16, 32 என்று இரண்டின் அடுக்குகளாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு ஆதாயம், வகுக்கவே வேண்டியதில்லை. எண்ணின் கடைசி மூன்று பிட்டுகளை மட்டும் எடுத்தால் அதுதான் 8-ஆல் வகுத்த மீதி. கணினிக்கு வகுத்தல் மெதுவான வேலை, பிட்டை மறைப்பது நொடியில் முடியும் வேலை.

பட்டியலே காலி என்றால் 0-ஆல் வகுக்கச் சொல்கிறோம். அதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் லூப் ஓடும்போதே ஒரு பாட்டை நீக்கினால் பின்னால் உள்ளவை ஒரு அறை முன்னால் நகரும், நாமும் ஒரு அடி முன்னேறுவோம், நடுவில் ஒரு பாட்டு விடுபடும். ஜாவா பெரும்பாலும் கூச்சல் போட்டு நிறுத்திவிடும். பைதானின் பட்டியல் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கூச்சலே மேல் என்பேன். கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தபடி நீக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அந்தக் காகித நாடாவைப் போல உண்மையாகவே ஒட்டக்கூடிய பட்டியலும் இருக்கிறது. இணைப்புப் பட்டியலில் ஒவ்வொரு உறுப்பும் அடுத்தது எங்கே இருக்கிறது என்ற முகவரியை வைத்திருக்கும். கடைசி உறுப்பில் முதல் உறுப்பின் முகவரியை எழுதினால் வளையம் தயார், மீதிக் கணக்கே வேண்டாம். தவறுதலாக எங்காவது ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து, நிரல் அதற்குள் முடிவில்லாமல் சுற்றும். கண்டுபிடிக்க ஆமையையும் முயலையும் அனுப்புவார்கள். ஆமை ஒவ்வொரு உறுப்பாகவும் முயல் இரண்டிரண்டாகவும் நகரும். இரண்டும் வளையத்துக்குள் வந்துவிட்டால் முயல் ஆமையை நெருங்கும் தூரம் ஒவ்வொரு அடிக்கும் சரியாக ஒன்று குறையும், எனவே ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே உறுப்பில் நிற்கும். வளையம் இல்லையென்றால் முயல் முதலில் முனையைத் தொட்டுவிடும்.