சாம்பல் நுரைக்கூட்டுத் தவளை: ஆசியக் குடும்பத்தின் ஆப்பிரிக்கக் கிளை

மொசாம்பிக்கில் 1840களில் பல ஆண்டுகள் சுற்றித் திரிந்து உயிரினங்களைச் சேகரித்த ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ், அங்கு கிடைத்த ஒரு மரத்தவளைக்கு 1854இல் கைரோமான்டிஸ் செராம்பெலினா என்று பெயரிட்டார். அதுவே சாம்பல் நுரைக்கூட்டுத் தவளை. அறிவியல் பெயரின் பின்பாதி காய்ந்த திராட்சை இலையின் நிறத்தைக் குறிப்பது. சாம்பலும் பழுப்பும் கலந்த இத்தவளை மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தென்படுவது அரிது. ஒவ்வொரு முன்காலிலும் உள்ள நான்கு விரல்களில் உள்பக்க இரண்டும் வெளிப்பக்க இரண்டும் எதிரெதிராக மடங்குவதால், மெல்லிய கிளையை நாம் கையால் பிடிப்பதுபோல் இது பற்றிக்கொள்கிறது.

ஆப்பிரிக்கச் சவன்னாவில் மரமேறும் தவளைகள் பல உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கே உரிய குடும்பங்களைச் சேர்ந்தவை. சாம்பல் நுரைக்கூட்டுத் தவளையோ ராக்கோபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் மிகப் பெரும்பாலான சிற்றினங்கள் இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா, ஜப்பான் வரை பரவியிருக்க, ஆப்பிரிக்காவில் இருப்பது கைரோமான்டிஸ் என்ற ஒரே பேரினம்தான். மழைக்காலத்தில் நம் ஊர்க் குட்டைகளின் ஓரத்தில் முட்டைகளுக்கு நுரைக்கூடு வைக்கும் இந்திய மரத்தவளையும் இதே குடும்பம் என்பதை நினைக்கையில், இந்த உறவின் நீளம் வியப்பளிக்கிறது. 2006இல் நிகழ்ந்த பெரிய வகைப்பாட்டுத் திருத்தம் சில ஆசியத் தவளைகளையும் இப்பேரினத்தில் சேர்த்தது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு அவற்றை மீண்டும் பிரித்ததால், கைரோமான்டிஸ் பழையபடி ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதாயிற்று. அதன் மற்றொரு சிற்றினமான கைரோமான்டிஸ் ரூபெசென்ஸ் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழ்கிறது.

கென்யக் கடற்கரையிலிருந்து தான்சானியா, மலாவி, மொசாம்பிக், சாம்பியா, ஜிம்பாப்வே வழியாக போட்ஸ்வானா, நமீபியாவின் வடபகுதி, தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குத் தாழ்நிலம் வரை சாம்பல் நுரைக்கூட்டுத் தவளையின் பரவல் நீள்கிறது. இந்நிலப்பரப்பில் ஆண்டின் பல மாதங்கள் மழையே இல்லை. பெரும்பாலான தவளைகள் அப்போது மண்ணுக்குள்ளோ ஈரப்பொந்துகளிலோ ஒளிந்துகொள்ள, இது வெயில்படும் கிளையிலேயே அமர்ந்திருக்கும்.

அதற்குக் காரணம் அதன் தோல். கடும் வெயிலில், தோலிலுள்ள ஒளி தெறிக்கும் நிறமிச் செல்கள் உடலை ஏறத்தாழ வெண்மையாக்கி வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. தோல்வழியே இது இழக்கும் நீரும் சாதாரணத் தவளையினுடையதைவிட மிகக் குறைவு. ஊர்வனவோடு ஒப்பிடத்தக்க அளவே. வெப்பம் மேலும் ஏறினால் மட்டும், சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்த நீரைத் தோல் சுரப்பிகள் வழியே கசியவிட்டு உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது.

கழிவு விஷயத்திலும் இது தவளைகளின் வழக்கத்தை மீறுகிறது. பெரும்பாலான தவளைகள் வெளியேற்றும் யூரியாவைக் கரைக்க நிறைய நீர் வேண்டும். இதுவோ பல்லியையும் பறவையையும் போல, நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாகக் கழிவை வெளியேற்றி நீரை மிச்சப்படுத்துகிறது. 1970இல் லவ்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதை வெளியிட்டபோது, தவளைகளில் இத்தகைய வழக்கம் அறியப்படாதிருந்தது.

ஆனால் இனப்பெருக்கத்துக்கு இதற்கும் நீர் வேண்டும். மழைக்காலக் குட்டைக்கு மேல் நீண்டிருக்கும் கிளையில் பெண் தவளை சுரக்கும் திரவத்தை, அதுவும் சுற்றி ஒட்டிக்கொள்ளும் பல ஆண் தவளைகளும் பின்னங்கால்களால் கடைந்து வெண்ணுரையாக்குகின்றன. இடையில் பெண் குட்டைக்கு இறங்கி இழந்த நீரை உறிஞ்சிக்கொண்டு திரும்பும். நுரையின் மேற்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரத்தில் முட்டைகள் வளர்ந்து, சில நாட்களில் தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. ஆகவே எவ்வளவு வறட்சியைத் தாங்கினாலும், மழைநீர் தேங்கும் குட்டையும் அதன்மேல் கவிந்த கிளையோ உயர்ந்த பாறையோ இல்லாத இடத்தில் இத்தவளை பெருகுவது கடினம்.