மாரியோ குதிக்கும் கணக்கு: முதல் கேமிலிருந்து வேர்ல்டு வரை

மாரியோ வீடியோ கேம் வரிசையில் எது சிறந்தது என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவருக்கு பாட்டு பிடிக்கும், ஒருவருக்கு மாரியோ ஏறிச் சவாரி செய்யும் யோஷி என்ற டைனோசர் பிடிக்கும், இன்னொருவர் ஸ்டேஜ் எண்ணிக்கையைச் சொல்வார். எனக்கு இதெல்லாம் அப்புறம்தான். இந்த கேம்களில் நாம் மணிக்கணக்கில் செய்வது குதிப்பது மட்டும்தான், அந்தக் குதி ஒவ்வொரு பாகத்திலும் வேறு கணக்கில் ஓடுகிறது. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் ஒரு மாரியோ கையில் கனமாகவும் இன்னொரு மாரியோ மிதப்பாகவும் தெரிவது ஏன் என்று புரியும். மதுரைக்காரர்களுக்கு அதில் தனியாக ஒரு விஷயமும் இருக்கிறது, அதற்கு கடைசியில் வருகிறேன்.

முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985 செப்டம்பரில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோலுக்கு வந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தது. அந்தக் கன்சோலின் பிராசசர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2 கிலோபைட், கேம் மொத்தமும் 40 கிலோபைட். இன்று போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்குள் அந்த கேமைப் பல தடவை போட்டு வைக்கலாம். அந்தப் பிராசசருக்குப் பெருக்கல் தெரியாது, தசமப் புள்ளியும் தெரியாது, கூட்டலும் கழித்தலும்தான். அதை வைத்துக்கொண்டு புவியீர்ப்பை எப்படிக் காட்டுவது?

வழி எளிது. ஒரு பிக்சலை 256 பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். திரை நொடிக்கு 60 தடவை வரையப்படுகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு பிரேம். ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு கூட்டல்: வேகத்தோடு ஈர்ப்பைக் கூட்டு, இடத்தோடு வேகத்தைக் கூட்டு. அவ்வளவுதான். நின்ற இடத்தில் ஏ பட்டனை அழுத்தினால் மாரியோவுக்கு மேல்நோக்கி பிரேமுக்கு 4 பிக்சல் வேகம் கிடைக்கிறது, பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பிரேமுக்கு 32 பங்கு, அதாவது எட்டில் ஒரு பிக்சல், அந்த வேகத்திலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. 32 பிரேமில் வேகம் பூச்சியம் ஆகிறது. ஏறிய உயரம் 64 பிக்சல், சரியாக நான்கு செங்கல்.

பட்டனைப் பாதியில் விட்டால்? அந்த நொடியிலேயே ஈர்ப்பு 32 பங்கிலிருந்து 112 பங்குக்குத் தாவுகிறது, மூன்றரை மடங்கு. சின்னதாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி என்று நம் விரலுக்குப் பழகிப்போன அந்த உணர்வு முழுவதும் இந்த ஒரே மாற்றத்திலிருந்து வருகிறது. உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்ததும் நீங்கள் பட்டனைப் பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கனமான ஈர்ப்புதான். இறங்கும் வேகத்துக்கும் ஏறத்தாழ 4 பிக்சல் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஏற 32 பிரேம், இறங்க ஏறக்குறைய 20 பிரேம், மொத்தம் ஒரு நொடிக்கும் குறைவு.

இது நிஜ உலகத்தோடு ஒத்துவருமா என்று பார்க்கலாம். காளான் சாப்பிட்டு வளர்ந்த மாரியோ 32 பிக்சல் உயரம். ஒரு பேச்சுக்கு 160 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு பிக்சல் 5 சென்டிமீட்டர். ஓடும் வேகம் பிரேமுக்கு இரண்டரைப் பிக்சல், மணிக்கு 27 கிலோமீட்டர் வருகிறது, நல்ல ஓட்டப்பந்தயக்காரர் ஓடக்கூடிய வேகம்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரம் 3.2 மீட்டர்! மதுரை செல்லூரில் ஒரு வீட்டு வாசலில் நின்று எம்பி மொட்டைமாடியில் கால் வைப்பது போல. உயரம் தாண்டுதலில் மனிதர்கள் எட்டிய உச்சம் கியூபாவின் சோட்டோமேயர் 1993இல் தாண்டிய 2.45 மீட்டர், அதுவும் ஓடிவந்து. மாரியோ மேலே போகும்போது இருக்கிற ஈர்ப்பு பூமியைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், கீழே விழும்போது எட்டு மடங்கு.

ஏன் இவ்வளவு கனமாக வைத்தார்கள் என்றால், பூமியின் ஈர்ப்பிலேயே ஒருவன் 3.2 மீட்டர் எழும்பினால் திரும்பித் தரைக்கு வர 1.6 நொடி ஆகும், மாரியோவுக்கு ஆவது 0.87 நொடி. அந்த 1.6 நொடியும் விளையாடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உயரமும் வேண்டும், காத்திருக்கவும் கூடாது என்றால் எறிகிற வேகத்தையும் ஈர்ப்பையும் சேர்த்து ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடிக் குதித்தால் ஆரம்ப வேகம் 5 பிக்சல், ஈர்ப்பு 40 பங்கு. வகுத்துப் பாருங்கள், அங்கேயும் உச்சியை எட்ட 32 பிரேம்தான்! உயரம் ஐந்து செங்கல் ஆகிவிட்டது, நேரம் மாறவில்லை. நின்று குதித்தாலும் ஓடிக் குதித்தாலும் பட்டனைப் பிடித்திருக்க வேண்டிய கால அளவு ஒன்றேதான் என்பதால் விரல் ஒரே தாளத்தைக் கற்றுக்கொண்டால் போதும், முதல் கேமை யாரும் சொல்லிக்கொடுக்காமலே சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேமில் கதை இரண்டாகப் பிரிகிறது. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாவது கேம் முதல் கேமின் அதே நிரலில் ஓடியது. மாரியோவின் கணக்கில் கை வைக்கவில்லை, அவன் தம்பி லூயிஜிக்கு மட்டும் அதிக உயரமும் வழுக்கும் கால்களும் கொடுத்தார்கள். விஷக் காளானும், நடுவானில் தள்ளிவிடும் காற்றும், முந்தைய ஸ்டேஜுக்கே பின்னோக்கி இழுத்துப்போகும் குறுக்குவழியும் (வார்ப்) சேர்ந்தன. மிகக் கடினம். ஜப்பானுக்கு வெளியே அது 1993 வரை அதிகாரபூர்வமாகப் போகவே இல்லை. பதிலாக 1987இல் வந்த டோக்கி டோக்கி பேனிக் என்ற வேறொரு கேமை எடுத்து, ஆட்களை மாற்றி, 1988இல் அமெரிக்காவில் மாரியோ 2 என்று கொடுத்தார்கள். அங்கே நான்கு பேர், நான்கு விதமான குதி. இளவரசி காற்றில் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள், லூயிஜி காலை உதைத்து உதைத்து மெதுவாக இறங்குவான். எதிரியின் தலையில் விழுந்தால் எதிரி சாகாது, நீங்கள் அதன் மேல் நின்று சவாரி செய்யலாம். நல்ல கேம்தான், ஆனால் குதியின் பொருளே மாறிவிட்டதால் மற்றவற்றோடு ஒரே தராசில் நிறுத்துவது சிரமம், அதனால் தாண்டிப் போகிறேன்.

மூன்றாவது கேம், 1988 அக்டோபர். என் பார்வையில் இதுதான் உச்சம், ஏன் என்று எண்ணிலேயே காட்டமுடியும். இதில் ஒரு பிக்சலை 256க்குப் பதில் 16 பங்காகப் பிரித்துக் கணக்கு ஓடுகிறது. நின்று குதித்தால் ஆரம்ப வேகம் மூன்றரைப் பிக்சல், முதல் கேமைவிடக் குறைவு. பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஈர்ப்பு வெறும் 1 பங்கு, விட்டால் 5 பங்கு. முதல் கேமில் மூன்றரை மடங்கு இருந்த வித்தியாசம் இங்கே ஐந்து மடங்கு. இன்னொன்று, வேகம் 2 பிக்சலுக்குக் குறைந்ததும் நீங்கள் பட்டனைப் பிடித்திருந்தாலும் ஈர்ப்பு 5க்கு மாறிவிடுகிறது, உச்சிக்குப் போகும் முன்னாலேயே. அதனால் முதல் 24 பிரேமில் 66 பிக்சல் ஏறுகிறான், மீதி ஆறேழு பிரேமில் ஆறு பிக்சல்தான், உடனே திரும்பிவிடுகிறான். உச்சியில் மிதந்து நிற்கும் நேரம் கிட்டத்தட்ட இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று நினைத்தோமோ அங்கே நிற்கிறான், நினைத்த நேரத்தில் இறங்குகிறான். இதைவிடக் கூர்மையான குதி இந்த வரிசையில் இல்லை.

அதோடு ஓட்டத்துக்கு மூன்றாவது ஒரு கியர் வந்தது. நடந்தால் ஒன்றரை, ஓடினால் இரண்டரை, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கீழே அம்புக்குறிகள் வரிசையாக நிறைந்து பி என்ற எழுத்து மின்னும், அப்போது மூன்றரைப் பிக்சல். வால் முளைத்திருந்தால் பறக்கலாம். பறக்க ஓட இடம் வேண்டும், ஆகவே ஸ்டேஜில் நீளமான சமதரை தெரிந்தாலே மேலே ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வரும், போய்ப் பார்த்தால் பல இடங்களில் இருக்கும். இப்படி ஒரு எண்ணை மாற்றினால் ஸ்டேஜின் வடிவமே அதற்கேற்ப மாறிப்போகிறது.

சரி, இவ்வளவு நல்ல மூன்றாவது கேம் ஏன் நம்மூரில் பலர் கைக்கு வரவில்லை? மீனாட்சி பஜாரிலும் டவுன்ஹால் ரோட்டிலும் டிவி கேம் வாங்கினவர்களுக்குத் தெரியும், கேசட்டின் மேல் 999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் பத்து இருபது கேமே பெயர் மாறி மாறி வரும், மாரியோவே வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்குகிற மாதிரி பல வரிசையில் இருக்கும். 40 கிலோபைட் கேம் எந்தத் துணைச் சிப்பும் இல்லாமல் ஓடும், அதை எந்த மலிவான கேசட்டிலும் திணிக்கலாம். மூன்றாவது கேம் 384 கிலோபைட். அவ்வளவையும் கன்சோல் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, பகுதி பகுதியாக மாற்றிக் காட்டவும் திரையின் கீழ்ப்பட்டையை அசையாமல் நிறுத்தவும் கேசட்டுக்குள்ளேயே எம்எம்சி3 என்று ஒரு சிப் வேண்டும். செலவு கூடியது. ஆகவே மதுரையில் ஒரு தலைமுறைக்கு மாரியோ என்றால் முதல் மாரியோதான்.

சூப்பர் மாரியோ வேர்ல்டு 1990 நவம்பரில் புதிய 16 பிட் கன்சோலோடு வந்தது. படமும் ஒலியும் ஒரு படி மேலே போயின, ஆனால் குதியில் நடந்ததுதான் முக்கியம். பட்டனைப் பிடித்தால் ஈர்ப்பு 3 பங்கு, விட்டால் 6, இரண்டே மடங்கு. இந்த மென்மையான ஈர்ப்பு விழும்போதும் செல்லும்! முதல் கேமிலும் மூன்றாவதிலும் இறங்க ஆரம்பித்த பிறகு பட்டனுக்கு வேலை இல்லை, இங்கே கடைசி வரை பிடித்திருந்தால் மெதுவாக இறங்கலாம், விட்டால் சட்டென்று விழலாம். எம்பும் வேகமும் ஓட்டத்தைப் பொறுத்து எட்டுப் படியாக ஏறுகிறது. கூடவே சுழன்று குதிப்பது, போர்வையை விரித்து மிதப்பது, யோஷியின் முதுகிலிருந்து நடுவானில் இன்னொரு தடவை எம்புவது. வேர்ல்டு மிதக்கிற மாதிரி இருக்கு என்று சொல்கிறவர்கள் சொல்வது இதைத்தான். தவறாகக் குதித்தாலும் வானத்திலேயே திருத்திக்கொள்ளலாம், ஸ்டேஜ்களை முடித்து வெளியேறும் 96 வழிகளைத் தேடி அலைகிற கேமுக்கு அந்தத் தாராளம் பொருத்தமானதும்கூட. ஆனாலும் விளிம்பில் ஒரு செங்கல் அகலத்தில் இறங்க வேண்டிய இடத்தில் நான் மூன்றாவது கேமின் கனத்தைத்தான் கேட்பேன்.

இப்போது மதுரை விஷயம். அந்தக் காலத்தில் இந்தியாவில் டிவி பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 50 தடவை வரைந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. நம்மூரில் விற்ற டிவி கேம்களில் பிஏஎல் டிவிக்கென்று செய்த கன்சோல்கள் 50இல் ஓடின, கேசட்டுக்குள் இருந்ததோ பெரும்பாலும் 60க்கு எழுதிய நிரல். கணக்கு எல்லாம் பிரேமுக்கு இவ்வளவு என்று இருக்கிறதே தவிர நொடிக்கு இவ்வளவு என்று எங்கும் இல்லை, ஆகவே மொத்த உலகமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிறது. உயரம் அதே நான்கு செங்கல், குழியின் அகலமும் அதே, 0.87 நொடியில் முடிய வேண்டிய குதி மட்டும் ஒரு நொடிக்கு மேல் நீள்கிறது. ஈர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் மாறும் என்பதால் அது 69 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. நாம் விளையாடிய மாரியோ ஜப்பான் மாரியோவைவிட இலேசான ஒரு கிரகத்தில் குதித்துக்கொண்டிருந்தான்!

மேலே ஓடும் 400 என்ற கடிகாரமும் அப்படித்தான். அது 24 பிரேமுக்கு ஒன்று குறையும். 60இல் 160 நொடி, 50இல் 192 நொடி. பாட்டும் அதே மாதிரி நிதானமாக ஓடும். ஸ்டேஜை முடிக்க உங்களுக்குக் கூடுதல் சலுகை எதுவும் இல்லை, எல்லாமே சேர்ந்து மெதுவாவதால் கடிகாரத்தை ஏமாற்ற முடியாது. ஆனால் கண்ணும் விரலும் நிஜ நொடியில் வேலை செய்பவை, அவற்றுக்கு ஒவ்வொரு குதியிலும் உண்மையாகவே கொஞ்சம் அதிக நேரம் கிடைத்தது. அந்தக் கன்சோலில் பழகினவர்கள் பல வருடம் கழித்து லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போட்டு விளையாடினால் மாரியோ தறிகெட்டு ஓடுகிறான், முதல் ஆமையிலேயே லைஃப் போகிறது. கை பழக்கம் விட்டுப்போச்சு, வயசாயிடுச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கை சரியாகத்தான் இருக்கிறது, அது 50இல் பழகிய கை.

சோதித்துப் பார்க்க நினைத்தால் நல்ல எமுலேட்டர்களில் எந்த நாட்டுக் கன்சோல் (ரீஜன்) என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் டெண்டி என்று ஒன்று இருக்கும், ரஷ்யாவில் விற்ற இதே மாதிரி நகல் கன்சோலின் பெயர் அது, நம்முடையதற்கு மிக நெருக்கமானது. அதைப் போட்டு முதல் ஸ்டேஜை ஒரு தடவை ஓடுங்கள், பிறகு 60க்கு மாற்றி ஓடுங்கள். அப்புறம் பிரேம் பிரேமாக நகர்த்தும் வசதியைத் திறந்து, முதல் கேமிலும் மூன்றாவதிலும் நின்ற இடத்திலிருந்து ஒரு முழுக் குதி குதித்து, மாரியோவின் தலை ஒவ்வொரு பிரேமிலும் எத்தனை பிக்சல் நகர்கிறது என்று தாளில் எழுதுங்கள். முதலாவதில் எண்கள் சீராக இறங்கிவரும், மூன்றாவதில் 24ஐ ஒட்டிய பிரேமில் சட்டென்று உடையும்.