காதில் ஒரு கோளாறும் இல்லை

போன வாரம் ஓர் அம்மா, மகனின் செவித்திறன் சோதனை அறிக்கையைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய தாள். இரண்டு காதும் நன்றாக இருப்பதாகப் போட்டிருந்தது. “காதில் ஒன்றும் இல்லையாம், லாவோஷி. அப்புறம் ஏன் லிசனிங்கில் இருபதுக்கு ஒன்பதுதான் சரியாகப் போடுகிறான்?” லாவோஷி என்றால் சீனத்தில் ஆசிரியர். லிசனிங் என்பது ஆங்கிலத் தேர்வில் ஒலிப்பதிவைக் கேட்டு விடை போடும் பகுதி. பையன் அம்மாவுக்குப் பின்னால் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதிரித் தேர்வு முடிவு வந்த அன்று வகுப்பாசிரியர் ஐம்பது பேர் முன்னால் “உனக்குக் காதே சரியில்லை” என்று சொல்லியிருக்கிறார். பேச்சுக்குச் சொன்னதுதான். அந்த அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டு மகனை டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டார். இந்தக் கல்வியாண்டில் என் மேசைக்கு வந்த மூன்றாவது அறிக்கை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது சீனாவில், ஹூனான் மாகாணத் தலைநகர் சாங்ஷாவில். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வுத்தாள் தயாரிப்பதும், மற்றவர்கள் தயாரித்த தாளில் ஓட்டை தேடுவதும் என் பிழைப்பு. இதைச் சீனத்தில் எழுதினால் கூட வேலை செய்பவர்கள் நாளைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தமிழில் எழுதுகிறேன். இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் நம்மவர்கள் ஒன்றிரண்டு பேருக்காவது பயன்படட்டும்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காவ்காவ் என்பது இங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024இல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஆங்கிலத் தாள் ஜூன் 8 பிற்பகல் மூன்று மணிக்கு, மொத்தம் 150 மதிப்பெண். தொடக்கத்திலேயே ஒலிப்பதிவு ஓடும் என்பதால் 2.45க்குப் பிறகு வருகிறவரை உள்ளே விட மாட்டார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் கட்டட வேலை நிற்கும், ஹாரன் அடிக்கக்கூடாது. லிசனிங்கில் 20 கேள்விகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மதிப்பெண், ஆக 30. முதல் ஐந்து உரையாடல்கள் ஒரே முறைதான் ஒலிக்கும், மீதி இரண்டு முறை. பெய்ஜிங்கில் கதை வேறு. அங்கே 2021 முதல் கேட்பதும் பேசுவதும் கணினியில், 50 மதிப்பெண்ணுக்கு, இரண்டு வாய்ப்போடு நடக்கிறது. நான் சொல்வது எங்கள் ஹூனான் போல ஒலிபெருக்கி வைத்து நடத்தும் இடங்களுக்கு.

ஒலிப்பதிவு தொடங்குமுன் ஓர் எடுத்துக்காட்டு வரும். சட்டை என்ன விலை? ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ். விடை சி. சீனாவில் பள்ளிக்கூடம் போன எவரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் அந்தச் சட்டையின் விலையைச் சொல்வார்கள். அத்தனை ஆண்டுகள், அத்தனை முறை கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதே குரல் வேறொரு விலையை வேறொரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் பேனாவைக் கடிக்கிறார்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கேள்விக்கு மூன்று விடைகள். தூங்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சி என்று கறுத்தாலும் இருபதில் ஆறோ ஏழோ சரியாகும், சுமார் 10 மதிப்பெண் வந்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்பதுகூட வரும். அப்படியென்றால் அந்தப் பையனின் ஒன்பதுக்கு என்ன பொருள்? அவன் கேட்டானா, ஊகித்தானா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. போன மாதம் பதினொன்று, இந்த மாதம் ஒன்பது, “இறங்கிவிட்டான்” என்று பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களே, அந்த இரண்டு கேள்வி வித்தியாசம் வெறும் ஊசலாட்டம். தராசு முள் ஆடுவதைப் பார்த்து அரிசி குறைந்துவிட்டது என்று சண்டைக்குப் போவது மாதிரி.

இப்போது எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மோ அர்துவோ என்று ஒரு சொல் உண்டு. காதைத் தீட்டுவது என்று பொருள். வீட்டில் ஆங்கில ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் காது தானாகக் கூர்மையாகிவிடுமாம். சின்னக் குழந்தைகளுக்காகக் கிளம்பிய பழக்கம், இப்போது காவ் சான் எனப்படும் இறுதியாண்டு மாணவர்கள் வரை வந்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் பல் தேய்க்கும்போது ஓடுகிறது. கஞ்சி குடிக்கும்போது ஓடுகிறது. இரவு பையன் தூங்கிய பிறகும் தலையணைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அந்த அம்மாவும் ஒன்றரை ஆண்டாக இதைச் செய்திருக்கிறார். புது இயர்போன் வேறு.

தாயே, காது ஒன்றும் கத்தி இல்லை. புரியாத ஒலியை ஆயிரம் முறை கேட்டால் அது ஆயிரம் முறை புரியாத ஒலி, அவ்வளவுதான். எங்கள் அடுக்ககத்தின் கீழ் இருக்கும் கடைக்காரர் பதினைந்து ஆண்டாக வானொலியில் கான்டனீஸ் பாட்டுக் கேட்கிறார், ஒரு வரிக்கும் அவருக்குப் பொருள் தெரியாது. மொழியைக் காது தனியாகப் புரிந்துகொள்வதில்லை. கேட்ட ஒலி எந்தச் சொல் என்று தலைக்குள் பொருந்த வேண்டும். பொருந்தாத ஒலியை, கொஞ்ச நாளில் மின்விசிறிச் சத்தத்தைப் போல மனசு ஒதுக்கிவிடக் கற்றுக்கொள்கிறது. நீங்கள் காதைத் தீட்டவில்லை, ஆங்கிலத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக்குகிறீர்கள். இதை எத்தனை பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, “எந்த ஆப் நல்லது, லாவோஷி?” என்பார்.

ஆசிரியர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருக்கும் மருந்தின் பெயர் ஷுவா தி. பழைய தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பது. வாரத்துக்கு நான்கு லிசனிங் தாள், விடையைச் சரிபார், அடுத்த தாள். எந்தக் கேள்வி ஏன் தவறியது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. ஜுரம் எவ்வளவு என்று நாளைக்கு நான்கு முறை அளந்துவிட்டு மருந்து கொடுக்காத வைத்தியம் இது.

நான் செய்வதைச் சொல்கிறேன், காசு செலவில்லை. தேர்வு முடிந்த மறுநாள், தவறாகப் போன கேள்விகளை மட்டும் எடுத்து, ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை மாணவனிடம் கொடுங்கள். படித்துவிட்டு விடை எழுதட்டும். படித்தும் தவறா? அப்படியென்றால் சொல்லோ இலக்கணமோ தெரியவில்லை, லிசனிங்கைக் குறை சொல்லாதீர்கள். படித்ததும் எல்லாம் சரியா? அப்போது சொல் தெரிகிறது, அதன் ஒலி தெரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அந்தப் பையன் தவறவிட்டவை பதினொன்று. எழுத்தில் கொடுத்ததும் பத்தைச் சரியாகப் போட்டான். எட்டு நிமிடம் ஆனது.

ஏன் இப்படி ஆகிறது என்றால் இங்கே சொற்களைக் கண்ணால்தான் படிக்கிறார்கள். 3500 சொல் பட்டியல் ஒன்று எல்லோர் பையிலும் இருக்கும். அகர வரிசையில் தொடக்கத்திலேயே வரும் சொல் அபான்டன், அதாவது கைவிடு. பட்டியலைத் திறந்ததும் கைவிட்டுவிடுகிறோம் என்பது மாணவர்களின் பழைய நகைச்சுவை. பள்ளியில் பேசும் பொதுச் சீன மொழியின் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் மூக்கொலியில் முடியும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் மெய்கள் குவிந்தால் அவர்கள் காதுக்கு அது காற்றோடு போய்விடுகிறது. இறந்தகாலம், பன்மை எல்லாம் அந்தக் கடைசி ஒலியில்தானே ஒளிந்திருக்கிறது. எண்கள் இன்னொரு தொல்லை. நமக்கு லட்சம், கோடி போல அவர்களுக்கு வான் என்ற பத்தாயிரம்தான் அலகு. ஆங்கிலத்தில் முப்பதாயிரம் என்று கேட்டதும் மனசுக்குள் மூன்று வான் என்று மாற்றுகிறார்கள், அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் தா என்ற ஒரே ஒலி. எழுத்தில்தான் வேறு. அதனால் ஹீயும் ஷீயும் அவர்கள் காதில் ஒட்டுவதில்லை, உரையாடலில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள்.

எங்கள் ஊருக்கென்று தனிச் சிறப்பும் உண்டு. சாங்ஷா பேச்சில் னகரமும் லகரமும் ஒன்று. ஹூனான்காரர்கள் தங்கள் மாகாணத்தையே ஃபூலான் என்கிறார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இவர்களிடம் போய் நைட், லைட் வித்தியாசத்தின் மேல் ஒரு கேள்வியைக் கட்டினால் நீங்கள் சோதிப்பது ஆங்கிலத்தை அல்ல, பிறந்த ஊரை. தாள் தயாரிப்பவர்களே, தயவுசெய்து.

தாள் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஒலிப்பதிவைக் கேட்காமலே விடை சொல்லிவிடக்கூடிய கேள்விகள் தேசிய அளவில் வரும் தாளில் அரிது. பள்ளிகளிலும் மாவட்டங்களிலும் அவசரமாகத் தைக்கும் மாதிரித் தாள்களில்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஒலிப்பதிவே போடாமல் ஒரு வகுப்புக்கு வெறும் கேள்விகளை மட்டும் கொடுத்தேன். பாதிக்கு மேல் சரியாகப் போட்டார்கள்! ஒரு கேள்வி: தேர்வுக்கு முந்தைய நாள் என்ன செய்யும்படி ஆசிரியர் சொல்கிறார்? இரவு முழுக்க விழித்திரு, குறிப்புகளைத் திரும்பப் பார், விளையாடப் போ. எந்த ஆசிரியர் விளையாடப் போகச் சொல்வார்? இதற்கு ஆங்கிலம் கேட்க வேண்டுமா? ஒலிப்பதிவு இல்லாமலே வகுப்பின் சராசரி மூன்றில் ஒரு பங்கைத் தெளிவாகத் தாண்டுகிறதென்றால் அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். மாணவன் எழுதி முடித்த பிறகு கணக்கில் வித்தை காட்டிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். 2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத் தாள் கடினமாகிவிட்டதென்று சில பகுதிகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார்கள். பெற்றோர் கொதித்தார்கள், டிசம்பரில் மாகாண அரசே அதை ரத்து செய்ய வேண்டிவந்தது.

வாசிப்புப் பகுதியில் யாரும் அழுவதில்லை, மதிப்பெண் நன்றாக வருகிறது. எனக்குக் கவலையே அதுதான். ஏ முதல் டி வரை நான்கு பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றும் இரண்டரை மதிப்பெண். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி இது: கேள்வியை முதலில் படி, அதில் உள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடு, பத்தியின் சொல் அப்படியே விடையில் வந்தால் பொறி, வேறு சொல்லில் வந்தால் அதுவே சரி, எப்போதும் ஒருபோதும் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த விடையை ஒதுக்கு. இந்த வித்தை பலிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் நகரத்து மரங்களைப் பற்றிய டி பத்தியைக் கொடுத்து, விடை எழுதி முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, படித்ததைச் சீனத்தில் நான்கு வரி எழுதச் சொன்னேன். நான்குக்கு நான்கும் சரியாகப் போட்ட ஒரு மாணவி, மரம் நடக்கூடாது என்கிறார் கட்டுரையாளர் என்று எழுதியிருந்தாள். அவர் சொன்னது, எந்த இடத்தில் எந்த மரம் என்று பார்த்து நட வேண்டும் என்பது.

சீனத்தில் எழுதச் சொன்னதற்கு எனக்குத் திட்டு விழுந்தது. ஆங்கில வகுப்பில் சீனமா? ஆமாம். புரிந்ததா என்று பார்க்கும்போது எழுதத் தெரியுமா என்பதையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். லிசனிங் கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க நீளநீளமான ஆங்கில விடைகளை வைக்கிற தாள் தயாரிப்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். பத்து வினாடிக்குள் விடையைக் கறுத்து அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். அதற்குள் மூன்று நீள வாக்கியங்களைப் படிக்க வைத்தால் அது கேட்பதற்கான சோதனையா?

பள்ளிகளுக்கு: தேர்வுக்கு முன் ஓர் ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைக் கேட்கட்டும். கைப்பேசியை மேசை மேல் வைத்து ஐம்பது பேருக்கு ஒலிபரப்பாதீர்கள். ஒலிப்பதிவு இல்லையென்று நீங்களே சொல் சொல்லாகப் பிரித்து மெதுவாக வாசித்துக் காட்டவும் வேண்டாம், அப்படி யாரும் பேசுவதில்லை. பெற்றோருக்கு: தலையணைப் பக்கம் இருப்பதை எடுத்துவிடுங்கள். பிள்ளை தூங்கட்டும். பகலில் பத்து நிமிடம் போதும். ஒரு சின்ன உரையாடல், ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுத வேண்டும், எழுத்து வடிவத்தோடு ஒப்பிட வேண்டும், பிறகு மறுபடி கேட்க வேண்டும். வாரம் நான்கு தாள் தேய்ப்பதைவிட இது கடினம், சலிப்பும் அதிகம். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அந்தப் பையனை அம்மா முன்னாலேயே எழுத வைத்தேன். அரை மணி நேரம் என்பதற்கான ஹாஃப் அன் அவர் என்ற மூன்று சொற்கள் ஒலிப்பதிவில் ஹாஃபனவர் என்று ஒரே இழுப்பில் வரும். அவன் முதல் சொல்லை எழுதிவிட்டு, அடுத்து நவ் என்று எழுதினான். நான்கு முறை போட்டோம், நான்கு முறையும் நவ். எழுத்து வடிவத்தைக் காட்டியதும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். “இது எனக்குத் தெரியுமே,” என்றான். ஐந்தாம் முறை சரியாக எழுதினான்.

அம்மா அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். “அந்த வகுப்பாசிரியரிடம் இதை யார் சொல்வது, லாவோஷி?” என்று கேட்டார். திங்கட்கிழமை நானே போகிறேன்.